பந்தை விடுங்கள், 59-ஐப் பாருங்கள்: லைன்பேக்கரை வைத்து அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பது எப்படி

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பிக்கிற எல்லாரும் பந்தைத்தான் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன், ரொம்ப நாள் ஒன்றுமே பிடிபடவில்லை. நாலைந்து நொடி ஓட்டம், ஒரு குவியல், விசில், அப்புறம் அரை நிமிடத்துக்கு எல்லாரும் சும்மா நிற்கிற மாதிரி ஒரு காட்சி. இதில் என்ன இருக்கிறது என்று டிவியை அணைத்த நாட்கள் உண்டு. அந்த அரை நிமிடத்தில்தான் பாதி ஆட்டம் நடக்கிறது என்று எனக்குக் காட்டியவர் கரோலினா பேந்தர்ஸ் அணிக்காக 59-ஆம் எண் போட்டு ஆடிய லூக் கீக்லி. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் இப்படி உச்சரிக்கத் தோன்றாது, ஆனால் கீக்லி என்றுதான் சொல்ல வேண்டும். 2012-லிருந்து 2019 வரை எட்டே சீசன், 28 வயதில் ஓய்வு. அவருடைய பழைய ஆட்டங்களை வைத்தே இந்த விளையாட்டை முழுதாகக் கற்றுக்கொள்ளலாம் என்பது என் அனுபவம், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள்

தடுப்பு அணியில் 11 பேர். முன்வரிசையில் மூன்று அல்லது நான்கு பெருத்த ஆட்கள் கையைத் தரையில் ஊன்றி நிற்பார்கள். கடைசியில் வேகமாக ஓடக்கூடிய ஒல்லியான ஆட்கள், அவர்கள் கார்னர், சேஃப்டி. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, முன்வரிசையிலிருந்து நாலைந்து கெஜம் தள்ளி, முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு நிற்பவர்தான் லைன்பேக்கர். முன்வரிசைக்காரரோடு மோதும் பலமும் வேண்டும், பின்வரிசைக்காரரைப் போல ஓடவும் தெரிய வேண்டும். கீக்லி ஆறடி மூன்று அங்குலம், 238 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 108 கிலோ. அந்த எடையோடு அவர் பக்கவாட்டில் நகர்வதைப் பார்த்தால் நம்ப முடியாது.

பழைய கணக்கில் மூன்று லைன்பேக்கர்கள், நிற்கிற இடத்துக்கு ஒரு செல்லப்பெயர்: நடுவில் நிற்பவர் மைக், ஒரு பக்கம் சாம், மறுபக்கம் வில். எதிரணி எந்தப் பக்கம் ஆள் கூட்டி நிற்கிறதோ அந்தப் பலமான பக்கம் சாமுக்கு, மற்றது வில்லுக்கு. இன்றைக்குப் பந்தை எறிவது கூடிப்போனதால் பெரும்பாலான நேரம் களத்தில் இரண்டு லைன்பேக்கர்கள்தான் இருப்பார்கள், சாமின் இடத்தில் இன்னொரு கார்னர் வந்திருப்பார். ஓரத்திலிருந்து பாய்ந்து, பந்தை எறிகிற குவாட்டர்பேக்கைச் சாய்க்கிற லைன்பேக்கர் வேறு வகை. நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் அந்த வகை, 1986-இல் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையே வாங்கியவர், தடுப்பு ஆட்டக்காரர்களுக்குக் கிட்டத்தட்ட கிடைக்காத விருது அது. அவரைப் பார்த்து ரசிப்பது சுலபம். மைக்கைப் பார்த்து ரசிக்கத்தான் கொஞ்சம் பழக வேண்டும், இந்தக் கட்டுரை மைக்குக்கானது.

மைக்கை அடையாளம் காண ஒரு குறுக்கு வழி உண்டு. ஹெல்மெட்டின் பின்னால் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். அந்த ஹெல்மெட்டுக்குள் ரேடியோ இருக்கிறது என்று அர்த்தம். 2008-லிருந்து தடுப்பு அணியில் ஒரே ஒருவருக்கு மட்டும் இந்த வசதி, பெரும்பாலும் அது மைக் லைன்பேக்கர். பயிற்சியாளர் ஓரத்திலிருந்து அவர் காதில் திட்டத்தைச் சொல்வார், அவர் மற்ற பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் இறங்கிக்கொண்டே வருகிற தனிக் கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது ரேடியோ அறுந்துவிடும். அதற்கப்புறம் யாரும் உதவிக்கு வர முடியாது, எதிரணி என்ன செய்யப்போகிறது என்பதைக் கண்ணால் பார்த்து அவரே முடிவெடுக்க வேண்டும். இந்தக் கடைசி 15 நொடிதான் நீங்கள் பார்க்க வேண்டியது.

பந்து நகர்வதற்கு முன்னால்

கீக்லியின் ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், முதல் கால்பகுதியில் பந்தையே பார்ப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்ளுங்கள். 59 மட்டும். எதிரணி வரிசையில் வந்து நின்றதும் அவர் தலை இடது வலமாகத் திரும்பும், கை நீட்டிக் கத்துவார், முன்வரிசைக்காரர் ஒருவரின் இடுப்பைத் தட்டி அரை அடி நகரச் சொல்வார், பின்னால் திரும்பி சேஃப்டிக்குச் சைகை காட்டுவார். இதற்குள் எதிர்ப்பக்கம் குவாட்டர்பேக்கும் இவரைத்தான் சுட்டிக்காட்டி "59 மைக், 59 மைக்" என்று கத்திக்கொண்டிருப்பார், ஏனென்றால் யார் யாரைத் தடுப்பது என்று அவர்கள் எண்ணத் தொடங்குவதே மைக்கிலிருந்துதான். இரண்டு பக்கமும் ஒரே ஆளைச் சுற்றிக் கணக்குப் போடுகிறார்கள் என்பது தெரிந்ததும் எனக்கு அந்த அரை நிமிடம் போதாமல் போய்விட்டது.

ஆட்டக்காரர்களின் உடம்பில் ஒலிவாங்கி பொருத்திப் பதிவு செய்த வீடியோக்கள் என்எஃப்எல்லின் யூடியூப் சேனலில் கிடைக்கும், கீக்லி இருப்பவற்றைத் தேடிப் பாருங்கள். எதிரணியினர் நிற்கும் விதத்தை வைத்தே வரப்போகும் ஆட்டத்தை அவர் சத்தமாகச் சொல்லிவிடுவார், அதேதான் நடக்கும். இது வரம் ஒன்றும் இல்லை. வாரம் முழுக்க எதிரணியின் பழைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பவர் அவர், அந்த விஷயத்தில் லீக் முழுக்கப் பேர் வாங்கியவர். முன்வரிசை ஓரத்தில் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் நிற்கிற டைட் எண்ட் இந்தப் பக்கம் நின்று, பந்தை வாங்கி ஓடுகிற ரன்னிங்பேக் ஒரு கெஜம் ஆழமாக நின்றால், மூன்றாவது முயற்சியில் (பத்து கெஜம் முன்னேற நாலு முயற்சிதான்) இரண்டு கெஜம் தேவைப்படும்போது இவர்கள் என்ன செய்வார்கள் என்பது அவர் தலைக்குள் ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கும்.

நீங்களும் முயன்று பாருங்கள். எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கெஜம் வேண்டும் என்பது திரையிலேயே இருக்கும். பந்து நகர்வதற்கு முன்னால் ஓட்டமா எறிதலா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தால் மூன்று நாலு ஆட்டத்திலேயே முன்னேற்றம் தெரியும்.

முதல் அடி

பந்து நகர்ந்ததும் அவர் கால்களைப் பாருங்கள். நல்ல லைன்பேக்கரின் முதல் அடி தப்பான திசையில் போகாது. தப்பாக ஒரு அடி வைத்தால் அதைத் திருப்பி எடுக்க இன்னொரு அடி, அதற்குள் ஓடுகிறவன் சந்தில் புகுந்து போயிருப்பான். சந்து என்பது இங்கே கணக்கான வார்த்தை. எதிரணி முன்வரிசையில் நடுவே சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டேக்கிள் என்று நிற்பார்கள்: சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே ஏ, கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே பி, அதற்கு வெளியே சி. ஒவ்வொரு சந்துக்கும் ஒரு ஆள் பொறுப்பு. ஒருவர் ஏமாந்தாலும் அங்கே கதவு திறந்துவிடும்.

அவர் எதைப் பார்த்து அடி எடுத்து வைக்கிறார்? பந்தை அல்ல, எதிரணி கார்டின் ஹெல்மெட்டை. கார்டு தலையைத் தாழ்த்தி முன்னால் பாய்ந்தால் ஓட்டம். தலை நிமிர்ந்து பின்வாங்கினால் எறிதல். கார்டு தன் இடத்தை விட்டு பக்கவாட்டில் ஓடத் தொடங்கினால், அவர் ஓடும் பக்கம்தான் பந்தும் வரும், பெரும்பாலும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே உங்களுக்குப் பாதி ஆட்டம் திறந்துவிடும். ஆனால் எதிரணிக்கும் இது தெரியும், அதனால்தான் பந்தை ஓடுபவன் கையில் கொடுப்பது போலப் பாவனை செய்துவிட்டு எறிகிறார்கள், கார்டுகளும் தலையைத் தாழ்த்தி நடிக்கிறார்கள். லைன்பேக்கர் இரண்டு அடி முன்னால் வந்துவிட்டால் போதும், அவர் விட்டு வந்த இடத்தில் பந்து இறங்கும். மெதுவாக ஓட்டிப் பார்க்கும் வசதி இருந்தால் இந்த இரண்டு அடியை நிறுத்திப் பாருங்கள். சாதாரண மைக் ஏமாறுகிற இடத்தில் கீக்லி அரை அடி எடுத்து வைத்துவிட்டு உடனே திரும்பி ஓடுவார்.

அப்புறம் கைகள். 140 கிலோ ஆள் தடுக்க வரும்போது மார்பால் மோதினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். உள்ளங்கையை அவர் மார்பில் கொடுத்து, கை நீளத்துக்குத் தள்ளி நிறுத்தி, பந்து வரும் பக்கம் உதறிவிட்டுப் போக வேண்டும். கீக்லி இதில் மிகப் பலசாலி என்று சொல்ல மாட்டேன், அவரை விடப் பலமாக உதறியவர்கள் உண்டு. தடுக்க வருபவர் வந்து சேர்வதற்குள் அந்த இடத்தைக் கடந்துவிடுவது அவர் வழி.

எறியும்போது எங்கே போகிறார்

எறிதல் என்று தெரிந்ததும் மைக் பின்னால் ஓட வேண்டும். சில திட்டங்களில் இரண்டு சேஃப்டிகளும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்க, நடுவே ஆழமான இடம் முழுக்க மைக்குடையது. முன்னால் மோதத் தயாராக நின்றவர் திரும்பி இருபது கெஜம் பின்னால் ஓட வேண்டும், ஓடிக்கொண்டே குவாட்டர்பேக்கின் கண்ணையும் படிக்க வேண்டும். இங்கேதான் கீக்லியை வேறு யாரோடும் ஒப்பிட எனக்கு மனம் வருவதில்லை. எட்டு சீசனில் எதிரணி எறிந்த 18 பந்துகளை நடுவழியிலேயே பறித்திருக்கிறார், நடுவில் நிற்கும் லைன்பேக்கருக்கு இது பெரிய எண்.

2016 ஜனவரி 17, சியாட்டில் சீஹாக்ஸ் அணிக்கு எதிரான பிளேஆஃப். முதல் கால்பகுதியில் ரஸ்ஸல் வில்சன் நெருக்கடியில் ஒரு குட்டைப் பந்து எறிகிறார், கீக்லி அதைப் பறித்து 14 கெஜம் ஓடி எல்லைக் கோட்டைக் கடந்து டச்டவுன் போடுகிறார். இடைவேளையில் 31-0, கடைசியில் 31-24 என்று பேந்தர்ஸ் தப்பித்தது. அடுத்த வாரம் அரிசோனா கார்டினல்ஸுக்கு எதிராகக் கார்சன் பால்மரின் பந்தையும் பறித்து டச்டவுன், 49-15. அதற்கு முன் 2015 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் நாளில், டல்லாஸ் கவ்பாய்ஸ் குவாட்டர்பேக் டோனி ரோமோ அடுத்தடுத்து எறிந்த இரண்டு பந்துகளையும் கீக்லியே பறித்தார். அந்த மூன்று ஆட்டங்களிலும் பந்தை எறிவதற்கு முன்னால் நிறுத்தி, 59 எந்தப் பக்கம் சாயத் தொடங்கிவிட்டார் என்று பாருங்கள்.

எண்களை எப்படி எடுத்துக்கொள்வது

ஆட்டம் முடிந்ததும் டேக்கிள் எண்ணிக்கையைப் பார்க்கத் தோன்றும், இங்கே டேக்கிள் என்பது முன்வரிசை ஆள் இல்லை, பந்தோடு ஓடுகிறவரை மடக்கிச் சாய்ப்பது. பாருங்கள், ஆனால் அதிலேயே நிற்காதீர்கள். டேக்கிளை எண்ணுவது மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள், இரண்டு பேர் சேர்ந்து மடக்கினால் யாருக்குக் கொடுப்பது என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். அதை விட முக்கியம், எங்கே மடக்கினார் என்பது. எட்டு கெஜம் விட்டுக்கொடுத்த பிறகு மடக்கியதும் ஒரு டேக்கிள்தான், இரண்டு கெஜத்தில் நிறுத்தியதும் ஒரு டேக்கிள்தான். கீக்லி ஆடிய எட்டு சீசனிலும் நூறுக்கு மேல், 2016-இல் பத்தே ஆட்டம் ஆடியும் நூறைத் தாண்டினார். அவருக்கு நூறு டேக்கிள் என்பது பெரும்பாலும் ஓடுகிறவன் வேகமெடுப்பதற்கு முன்னால் பிடித்த நூறு, அது எண்ணில் தெரியாது.

இந்த இடத்துக்கு எப்படி வருகிறார்கள்

கீக்லி ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டிக்காரர், 1991-இல் பிறந்தவர். அங்கே செயின்ட் சேவியர் பள்ளி, அப்புறம் பாஸ்டன் காலேஜ். 2010, 2011 இரண்டு ஆண்டும் கல்லூரி ஆட்டத்தில் நாட்டிலேயே அதிக டேக்கிள் அவருடையது. 2011-இல் சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது. பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாமல், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கிற என்எஃப்எல் டிராஃப்டுக்குப் போக முடியாது, அவர் மூன்றாவது கல்லூரி சீசன் முடிந்ததும் போனார், 2012-இல் ஒன்பதாவது ஆளாக கரோலினா எடுத்தது. பயிற்சியாளர் ரான் ரிவேரா தானே 1985-இன் சிகாகோ பேர்ஸ் அணியில் இருந்த லைன்பேக்கர், என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கியிருக்கிறார்.

முதலில் அவரை நடுவில் நிறுத்தவில்லை, வில் இடத்தில்தான் ஆடினார். நடுவில் இருந்த ஜான் பீசன் காயப்பட்டு வெளியே போன பிறகு இவர் மைக் ஆனார், அந்த ஆண்டே லீக்கில் அதிக டேக்கிள், சிறந்த புதுமுகத் தடுப்பாளர் விருது. அடுத்த ஆண்டு, 2013-இல், லீக்கின் சிறந்த தடுப்பாளரே அவர்தான். டிராஃப்டில் வருகிற ஆளுக்கு முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு, முதல் சுற்றில் எடுத்தவர் என்றால் ஐந்தாவது ஆண்டை அணி தன் விருப்பத்தில் சேர்க்கலாம். அதனால் நிஜமான பணம் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான். கீக்லிக்கு 2015 செப்டம்பரில் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 6.2 கோடி டாலர். அந்த இரண்டாவது ஒப்பந்தம் வரை உடம்பு தாங்குமா என்பதுதான் இந்தத் தொழிலில் பலருக்கும் கேள்வி.

டிராஃப்ட் மட்டும்தான் வழி என்று நினைத்துவிட வேண்டாம். அதே பேந்தர்ஸ் அணியின் ஆரம்ப கால லைன்பேக்கர் சாம் மில்ஸ் ஐந்தடி ஒன்பது அங்குலம்தான், டிராஃப்டில் யாரும் சீண்டவில்லை. யுஎஸ்எஃப்எல் என்ற வேறொரு லீக்கில் ஆடி, நியூ ஆர்லியன்ஸ் வழியாகக் கரோலினாவுக்கு வந்தார். பேந்தர்ஸின் சார்லட் மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது. லண்டன் ஃபிளெச்சரையும் யாரும் எடுக்கவில்லை, ஜான் கரோல் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து வந்து 256 ஆட்டம் ஒன்றுகூட விடாமல் ஆடினார். கீக்லிக்குப் பக்கத்திலேயே நின்று ஆடிய தாமஸ் டேவிஸ் ஒரே முழங்காலில் மூன்று முறை தசைநார் அறுந்தும் திரும்பி வந்தவர். கீக்லியைப் பார்க்கிற நேரத்தில் அவ்வப்போது 58-ஐயும் பாருங்கள்.

காயப் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

லைன்பேக்கரைப் பின்தொடர்ந்தால் இதையும் பின்தொடர்ந்தே ஆக வேண்டும். ஞாயிறு ஆட்டம் என்றால் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அணிகள் காயப் பட்டியல் வெளியிடும்: முழுப் பயிற்சி, பாதிப் பயிற்சி, பயிற்சி இல்லை. வெள்ளிக்கிழமை 'சந்தேகம்', 'ஆட மாட்டார்' என்று நிலை வரும். முழங்கால், தோள் என்று இருந்தால் எத்தனை வாரம் என்று ஓரளவு கணிக்கலாம். மூளையதிர்ச்சி என்று இருந்தால் தேதி எதையும் நம்பாதீர்கள். ஐந்து படி இருக்கிறது, ஓய்வில் ஆரம்பித்து, லேசான உடற்பயிற்சி, கொஞ்சம் கடினமான பயிற்சி, மோதல் இல்லாத ஆட்டப் பயிற்சி என்று போய், கடைசியில் அணியின் மருத்துவரும் அணியைச் சாராத இன்னொரு நிபுணரும் சரி என்று சொல்ல வேண்டும். எந்தப் படியில் அறிகுறி திரும்பி வந்தாலும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

கீக்லிக்கு 2015-இன் முதல் ஆட்டத்திலேயே ஒரு மூளையதிர்ச்சி, அதனால் மூன்று ஆட்டம் போனது. 2016 நவம்பர் 17, சார்லட்டில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு எதிராக இரண்டாவது. அந்தக் காட்சியை நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்ததில்லை. எழுந்து உட்கார்ந்தவர் மூச்சு வாங்க முடியாமல் குழந்தை மாதிரி அழுகிறார், சக ஆட்டக்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள், வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போதும் அழுகை நிற்கவில்லை. எதிரணியின் ஆட்டத்தை முன்கூட்டியே சொல்கிற ஆளுக்குத் தன் முகத்தையே கட்டுப்படுத்த முடியவில்லை. மீதி சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. 2017 அக்டோபரில் பிலடெல்பியாவுக்கு எதிராக மூன்றாவது. அந்தக் காலத்து ஆட்டங்களில் கழுத்தின் பின்புறம் பட்டை மாதிரி ஒன்று போட்டிருப்பார், கவனித்துப் பாருங்கள். கழுத்தின் ரத்தக் குழாயை லேசாக அழுத்தி மண்டைக்குள் ரத்தம் சற்றுக் கூடுதலாக நிற்கச் செய்து, மூளை குலுங்குவதைக் குறைப்பது அதன் நோக்கம்.

சான் டியேகோவில் பேர் வாங்கிய ஜூனியர் சேயாவ் மொத்தம் 20 சீசன் ஆடிய லைன்பேக்கர், 2012 மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். அவர் மூளையை ஆராய்ந்ததில் சிடிஇ என்ற சிதைவு நோய் இருந்தது அடுத்த ஆண்டு உறுதியானது. கீக்லி என்எஃப்எல்லுக்கு வந்த அதே வசந்த காலம் அது. 2018-இல் தலையைத் தாழ்த்தி மோதுவதே தவறு என்று விதி வந்தது, 2022-இல் லைன்பேக்கர்கள் உட்பட சில இடத்துக்காரர்கள் சீசனுக்கு முந்தைய பயிற்சியில் ஹெல்மெட்டுக்கு மேல் மெத்தை உறை போட வேண்டும் என்று கட்டாயமானது, 2024-லிருந்து விரும்புகிறவர்கள் ஆட்டத்திலும் போடலாம். பார்க்க அழகாக இல்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது போட்ட ஆளைப் பார்த்தால் மரியாதை கூடுகிறது.

2020 ஜனவரி 14 அன்று கீக்லி ஒரு வீடியோவில் ஓய்வை அறிவித்தார். ஏழு முறை புரோ பௌல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு, ஐந்து முறை லீக்கின் முதல் தர அணியில் இடம், சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியில் ஒரு தோல்வி, 2015 சீசனில் 15 வெற்றி, ஒரே தோல்வி என்று வந்து டென்வரிடம் 24-10. அந்த வீடியோவில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இந்த ஆட்டத்தை ஆட ஒரே வழி வேகமாகவும் பலமாகவும் ஆடுவது, இனி என்னால் அப்படி முடியுமா என்று தெரியவில்லை. சொல்லும்போது குரல் உடைகிறது. நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாரே என்று அன்றைக்கு எனக்கு வருத்தம். இப்போது அது அவர் மிகச் சரியாகப் படித்த ஆட்டம் என்று நினைக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது

2016 ஜனவரி சியாட்டில் ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள், சுருக்கப் பதிப்பு வேண்டாம், அதில் பந்து நகர்வதற்கு முந்தைய நொடிகளை வெட்டிவிடுவார்கள், நமக்கு அதுதானே வேண்டும். அப்புறம் அரிசோனா ஆட்டம். மைதானத்தின் 22 பேரும் தெரிகிற உயரக் கோணம் கிடைத்தால் இன்னும் நல்லது, டிவி கோணத்தில் எறிதல் நேரத்தில் லைன்பேக்கர் திரையை விட்டே போய்விடுவார். நேரடி ஆட்டம் என்றால் ஞாயிறு முதல் ஆட்டம் நமக்கு இரவு பத்தரைக்கு, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிய பிறகு பதினொன்றரைக்கு. எந்த அணி ஆடினாலும் பரவாயில்லை. அணிகள் வரிசையில் நிற்கும்போது தடுப்புப் பக்கம் ஹெல்மெட்டின் பின்னால் பச்சைப் புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள், கடிகாரம் 15-க்கு வந்ததும் அந்த ஆளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.